மீரான் ஆட்டிய சிவப்புக் கொடி

பாளையங்கோட்டை ரிசர்வ் லயின்,
சனவரி முதல் நாள்

ஏலே மீரான், என் பிரிய மச்சானே,

இன்று வருஷப் பிறப்பு. காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் இரண்டு பேர் உட்காருகிற மாதிரி பாயை விரித்துவிட்டேன். பாக்கியமும் பழக்கத்தில் இரண்டு தட்டில் முந்திரிக்கொத்து கொண்டுவந்து வைத்துவிட்டாள். அப்புறம் அவள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

நீ போய் இரண்டு மாதமாகிறது. எட்டு வருஷமாக சனவரி முதல் தேதி நீ இந்த வீட்டு வாசலில் வந்து நிற்காமல் இருந்ததில்லை. நான் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று இருந்த வருஷமும் நீ வந்தாய்.

இந்தக் கடிதத்தை வேறு சிலர் காதிலும் விழும்படி எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலில் நாம் இருவரும் ஒரே நாளில் ரிசர்வ் போலீசில் சேர்ந்தோம். நீ மேலப்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நான் வேதக் கோயில் உபதேசியார் மகன். துப்பாக்கியை அதற்கு முன்னால் இருவரும் கையால் தொட்டதில்லை. முதல் நாள் சுட்டபோது கட்டை தோளில் இடித்த இடியில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நீ சிரித்தாய். மறுநாள் சட்டையைக் கழற்றினால் உன் தோளும் கத்திரிக்காய் நிறத்தில் கிடந்தது. அப்போது நான் சிரித்தேன். அன்றைக்கு ஒட்டியதுதான் இந்த உறவு. நீ என்னை மச்சான் என்றாய், என் வீட்டுக்காரி பாக்கியத்தைத் தங்கச்சி என்றாய். கதிஜாவை நீ கட்டிக்கொண்டு வந்த பிறகு அவளும் பாக்கியத்தை மைனி என்றே கூப்பிட்டாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, மாசியில், அறுப்பு முடிந்து வயலெல்லாம் ஆள் இல்லாமல் கிடக்கிற நேரத்தில், மலையடிவாரச் சுடுகளத்தில் போட்டி வைப்பார்கள். ஆளுக்குப் பத்துக் குண்டு. குறிப்பலகையின் நடுக் கறுப்பில் பட்டால் ஐந்து, அடுத்த வளையம் நான்கு, வெளி வளையம் மூன்று. முதல் இரண்டு பேரை மதராசுக்கு, மாகாணப் போட்டிக்கு அனுப்புவார்கள். சேர்ந்த அடுத்த சனவரியில் நான் ஒரு தாளில் "இந்த வருஷம் நாற்பத்தைந்து வாங்க வேண்டும்" என்று எழுதி, உன்னிடம் பெருமையாக நீட்டினேன். நீ அதை வாசித்துவிட்டுப் பென்சிலை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டாய்.

"நாப்பத்தஞ்சு உன் கையிலயாலே இருக்கு? காத்து அடிக்கும், மருந்து ஈரமா இருக்கும், வெயில் கண்ணுல குத்தும். உன் கையில இருக்கத எழுதுலே."

"என் கையில என்ன இருக்கு?"

"மூச்சு இருக்கு. விரல் இருக்கு. சுட்ட பொறவும் கண்ணத் தொறந்து வச்சிருக்கது இருக்கு."

அந்த மூன்றையும்தான் எனக்கு எழுதிக் கொடுத்தாய். அன்று முதல் அவரவர் வருஷக் குறியை அவரவர் எழுதுவதில்லை என்று ஆயிற்று. உனக்கு நான் எழுதுவேன், எனக்கு நீ எழுதுவாய். உனக்கு நான் என்னவெல்லாம் எழுதினேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. "பக்கத்தில் சுடுகிறவனோடு பேசக் கூடாது" என்று மூன்று வருஷம் தொடர்ந்து எழுதினேன். நீ ஒரு வருஷமாவது கேட்டாயா?

அந்த நாட்கள் எவ்வளவு லேசாக இருந்தன! விடிந்தும் விடியாமலும் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு நாலு பேராக நடப்போம். செம்மண் சரளையில் குப்புறப் படுத்தால் நெருஞ்சி முள் முழங்கையில் ஏறும். நீ வீட்டிலிருந்து ஒரு பழைய பத்தமடைப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, "இதுல படுத்துச் சுட்டா குண்டு தூங்கிட்டே போயிரும்லே" என்பாய். கரிமருந்துப் புகை கலைவதற்குள் உன் அடுத்த கதை ஆரம்பித்துவிடும். திரும்பி வரும்போது ஆற்றில் இறங்கி முகம் கழுவினால் தண்ணீர் கறுப்பாக ஓடும். அந்தப் புகை வாசனை இப்போதும் என் சட்டையில் இருக்கிறது. உன் சிரிப்புச் சத்தம்தான் இல்லை.

தொள்ளாயிரத்து ஒன்பது மாசிக்கு வருகிறேன். இதை எழுதத்தான் காலையிலிருந்து பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன்.

அந்த வருஷம் ஒரு ஏட்டு வேலை காலியாக இருந்தது. மதராசுக்குப் போகிற இருவரில் ஒருவருக்குத்தான் அது என்று லயின் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. நீ முதல் அணியில் சுட்டு நாற்பத்து நாலு வாங்கிவிட்டாய். சீவலப்பேரிச் சங்கரபாண்டி நாற்பத்தொன்று. நான் இரண்டாம் அணி. சுட்டு முடித்தவர்கள் அடுத்த அணிக்குக் குழியில் இறங்க வேண்டும் என்பது முறை. என் பலகைக்குக் கீழே குழியில் நீ நின்றாய்.

குழி என்றால் பலகைகளுக்கு அடியில் ஆள் உயரத்துக்கு வெட்டிய பள்ளம். அதற்குள் நிற்பவன் முகம் சுடுகிறவனுக்குத் தெரியாது. குண்டு பட்ட இடத்தை நீளக் கம்பில் கட்டிய வெள்ளைத் தட்டால் தொட்டுக் காட்டுவான். படவே இல்லையென்றால் சிவப்புக் கொடியைப் பலகைக்குக் குறுக்கே ஆட்டுவான். அவன் காட்டுவதுதான் கணக்கு.

ஒன்பது குண்டில் எனக்கு முப்பத்தெட்டு. கடைசிக் குண்டில் ஒரு நான்கு வாங்கினால் சங்கரபாண்டியைத் தாண்டிவிடுவேன். நாம் இருவரும் சேர்ந்து மதராசுக்கு ரயில் ஏறுவோம். விசையை அழுத்தினேன். புகை விலகியது. பலகைக்குக் குறுக்கே சிவப்புக் கொடி ஆடியது, இடமும் வலமுமாக இரண்டு தடவை.

நீ குழியிலிருந்து ஏறி வருவதற்குள் பலகை வரைக்கும் உள்ள முந்நூறு கஜத்தையும் நான் ஓடிக் கடந்துவிட்டேன்.

"என்னலே கொடிய ஆட்டுன?"

"படல மச்சான். இடப்பக்கமா மண்ணுல போயிட்டு."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டுதான் ஆட்டுனேன். எனக்கு மட்டும் ஆசையாலே?"

சார்ஜன்ட் துரை வந்து பலகையைப் பார்த்தார். முன்பு பயிற்சியிலும் முதல் அணியிலும் சுட்ட ஓட்டைகளின் மேல் ஒட்டிய தாள் துண்டுகளே முப்பதுக்கு மேல் இருந்தன. எது புதிது, எது பழையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் நாற்பது பேருக்கு முன்னால் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"பொய்க்கொடி காட்டுதான் தொரை. ஏட்டு வேலைக்கு நான் போட்டிக்கு வந்துருவேன்னு பயம் இவனுக்கு. பட்ட ஓட்டை மேல தாள ஒட்டிப்புட்டுக் கொடிய ஆட்டுதான்."

நீ கையிலிருந்த கொடியைக் கம்பில் பையச் சுற்றி, அங்கனேயே ஓரமாக வைத்துவிட்டுப் போனாய். நாற்பது பேரும் உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனாவது உன் பக்கம் பேசினானா? இல்லை. பேச வேண்டியவன் நான்தான்.

மதராசுக்கு நீயும் சங்கரபாண்டியும் போனீர்கள். ரயிலடிக்கு நான் வரவில்லை. வழியனுப்ப வந்தவர்களெல்லாம் உன்னைப் பார்த்து ஒருமாதிரி சிரித்தார்கள் என்று பிற்பாடு சங்கரபாண்டி சொன்னான். அந்த வருஷம் ஏட்டு வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. உன் பேரில் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் விசாரிக்கவும் இல்லை. இருந்தாலும் விழுந்தது விழுந்ததுதான்.

பத்து மாசம் உன்னோடு பேசவில்லை. அடுத்த சனவரி முதல் தேதி நீ வந்தாய். நான் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பாக்கியம் உனக்குக் காப்பி கொடுத்தாள். நீ குடித்துவிட்டு, ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தது எனக்குக் கேட்டது.

"தங்கச்சி, இத அவன்ட்ட குடு. எனக்கு அவன் எழுதாட்டாப் போவுது. போன வருசத்துதயே வச்சிக்கிடுதேன்."

தாளில் ஒரே வரி: "கடைசிக் குண்டுக்கு அவசரப்படாதே."

எனக்குச் சுருக்கென்று குத்தியது. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் இல்லை மச்சான்.

அந்த மாசியில் என்னைக் குழியில் இறக்கினார்கள். உன் பலகைக்கு அடியிலேயே. யார் போட்ட உத்தரவோ, வேண்டுமென்று போட்டதோ, தெரியாது. குழிக்குள் நிற்கும்போது தலைக்கு மேலே குண்டு சாட்டை அடித்த மாதிரி போகிறது. பின்னால் மண்மேட்டில் தூசி எழும்புகிறது. நீ ஒழுங்காகத்தான் சுட்டாய். நான்கு, ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து. நான் தட்டால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். ஆறாவது குண்டுக்குப் பலகையை விட்டு வலப்பக்கமாக ஒரு முழம் தள்ளித் தூசி எழும்பியது.

படவில்லை. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

கொடியை எடுக்கக் குனிந்தேன், கை போகவில்லை. ஏன் தெரியுமா? இப்போது நான் கொடியை ஆட்டினால், பழிக்குப் பழி வாங்கிவிட்டான் என்று நாற்பது பேரும் சொல்வார்கள். ஒரு நான்கைத் தொட்டுக் காட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது, வேதமுத்துவுக்குப் பெரிய மனசு என்று பேர் கிடைக்கும். கை வெள்ளைத் தட்டின் கம்பைத் தொட்டும்விட்டது. அந்த நிமிஷத்தில்தான் மீரான், போன வருஷம் அதே குழிக்குள் நீ நின்ற நிலை எனக்குப் புரிந்தது. கொடியை ஆட்டினால் ஊர் என்ன பேசும் என்று உனக்கும் தெரிந்திருக்கும். ஏட்டு வேலைப் பேச்சு உன் காதிலும் விழுந்திருந்தது. உன் மச்சானின் ஆசை என்ன என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? எல்லாம் தெரிந்தும் நீ ஆட்டினாய்.

நானும் ஆட்டினேன்.  உன்னைப் போலவே இடமும் வலமுமாக இரண்டு தடவை ஆட்டினேன்.

நீ மூன்றாவதாக வந்தாய். மதராசு போய்விட்டது. குழியை விட்டு ஏறி வந்தபோது நீ பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் உன் பூட்ஸைப் பார்த்தேன்.

"வலப்பக்கம் போயிட்டு, என்ன?"

"ஆமா. ஒரு மொழம்."

"எனக்குத் தெரியும்லே. விரலச் சுண்டிட்டேன்." பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நீயே சொன்னாய், "வா, ஆத்துக்குப் போயி மொகங் கழுவிட்டு வருவோம்."

ஆற்றில் முட்டளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு நான் உன்னிடம் சொன்னேன். கடைசிக் குண்டில் நான் கண்ணை மூடிவிட்டேன் என்று. விசை அழுந்துவதற்கு முன்பே மூடிவிட்டேன். தோள் திரும்பியது எனக்கே தெரிந்தது. கொடி ஆடுவதற்கு முன்பே, புகை கலைவதற்கு முன்பே, அது பலகையில் படவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஓடிவந்தேன். தெரிந்தேதான் உன்னைப் பொய்யன் என்றேன்.

நீ அடிப்பாய் என்று நினைத்தேன். நீ இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி என் முகத்தில் அடித்தாய்.

"இதச் சொல்ல ஒரு வருசமாலே உனக்கு?"

"நாளைக்கே எல்லார்ட்டயும் சொல்லிருதேன்."

"வேண்டாம். ஏட்டுக்கு உன் பேரு போயிருக்கு. இப்பச் சொன்னா உனக்கும் இல்லாமப் போயிரும், எனக்கும் வராது. யாருக்கு லாபம்? தங்கச்சி வயித்துல பிள்ளையோட இருக்கா. வாய மூடிட்டுப் போலே."

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சித்திரையில் எனக்கு ஏட்டுப் பட்டை வந்தது. சட்டைக் கையில் அதைத் தைத்துக் கொடுத்தவள் உன் கதிஜா. உனக்கு வர வேண்டிய பட்டை அது.

அதற்கப்புறம் நாம் சேர்ந்து சுற்றுவதைப் பார்த்து லயினில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "வேதமுத்து பெரிய மனசு பண்ணி மன்னிச்சிட்டான்." என் காதுபடவே சொன்னார்கள். உன் காதிலும் விழுந்திருக்கும். நீ காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒன்றா மச்சான்?

போன வருஷம் நாம் இருவரும் ஒன்றாக மதராசுக்குப் போனோம். அதை மட்டும் நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. ரயிலில் கதிஜா கட்டிக் கொடுத்த இடியாப்பத்தை மதுரை வருவதற்குள் நீ முழுக்கத் தின்று தீர்த்தாய். போட்டியில் நீ பதினோராவது, நான் இருபதாவது. தோற்றுப்போய்த் திரும்புகிற மாதிரியா வந்தோம்? கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிற மாதிரி வந்தோம். வரும் வழியில், "அடுத்த வருசத்துக்கு ஒனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்லே" என்றாய். என்ன என்று கேட்டேன். "வருசம் பொறக்கட்டும். அதுக்கு முன்னால சொல்லக் கூடாது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

என்ன வைத்திருந்தாய்? யாரிடமாவது சொன்னாயா?

ஐப்பசியில் ஆறு பெருகியபோது கரைக் காவலுக்கு உன்னைப் போட்டார்கள். நாலு நாள் நனைந்தாய். காய்ச்சல் என்று படுத்தவன் ஒன்பதாம் நாள் எழுந்திருக்கவில்லை. மேலப்பாளையத்துத் தெருவில் உன்னைச் சுமந்து போனபோது உன் அண்ணன்மார் எனக்கும் தோள் கொடுக்க இடம் விட்டார்கள். துப்பாக்கிக் கட்டை இடிக்கிற அதே தோள். மூன்று பிடி மண் போட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இனி இங்கத்துச் செய்தி. உன் மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். தறிக்குழிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறதாம். புது மாதிரித் துப்பாக்கி வரப்போகிறது என்கிறார்கள், புகையே இருக்காதாம். சங்கரபாண்டி உன் பாயைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான்.

போன வாரம் பாக்கியம் கதிஜாவைப் பார்க்கப் போயிருந்தாள். இத்தாவில், கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய துக்கக் காலத்தில் இருக்கிறவள், வெளியே வரமுடியாது. இவள்தான் வாரம் ஒரு தடவை போய்வருகிறாள். அன்று திரும்பி வந்தவள் முக்காட்டைக்கூட எடுக்காமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"கதிஜா ஒண்ணு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன?"

"லயின்ல இருந்து ஒருத்தி துக்கம் கேக்க வந்தாளாம். 'நல்ல மனுசன், ஒரே ஒரு தடவ பொய்க்கொடி காட்டுனாரு, மத்தபடி தங்கம்'னு சொல்லிட்டுப் போனாளாம். 'மைனி, எங்க வீட்டுல அவுக அப்படிச் செஞ்சாவளா? அண்ணன்ட்ட கேட்டுச் சொல்லுங்க. நாளைக்கு இந்தப் பிள்ள என்ட்ட கேட்டா நான் என்ன சொல்லுவேன்?'னு அழுதா."

மூன்று வருஷமாகப் பாக்கியத்திடமும் நான் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தப் பட்டைய உங்க சட்டையில தச்சுக் குடுத்தது அவதான?"

நீ வாயை மூடச் சொன்னாய் என்பது உண்மை. அது உன் மனசு. அதன் பின்னால் நான் மூன்று வருஷம் வசதியாக ஒளிந்திருந்தேன், அதுவும் உண்மை. நீ உயிரோடு இருந்தவரைக்கும், உனக்கு ஆட்சேபம் இல்லாதபோது எனக்கென்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது கேட்பது நீ இல்லை, உன் பெண்டாட்டி. நாளைக்கு உன் மகள்.

எனக்கு இந்த வருஷக் குறியை எழுத நீ இல்லை. உனக்கு எழுத வேண்டிய வேலை எனக்கும் இல்லை. ஆகவே எட்டு வருஷத்துக்குப் பிறகு என் குறியை நானே எழுதுகிறேன். எண்ணிக்கை ஏதும் எழுதவில்லை. என் கையில் இருப்பது எதுவோ அதைத்தான் எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் நான் மேலப்பாளையம் போகிறேன். கதிஜா உள்ளே இருக்கட்டும், நான் வாசலில் நின்று இந்தக் கடிதத்தை அவள் காதில் விழும்படி வாசிப்பேன். உன் அண்ணன்மாரும் கேட்கட்டும். மாசியில் சுடுகளத்தில் அணிவகுத்து நிற்கும்போது, முதல் குண்டு வெடிப்பதற்கு முன்னால், சார்ஜன்ட் துரையிடம் அனுமதி வாங்கி அத்தனை பேருக்கும் இதை வாசிப்பேன். அனுமதி தரமாட்டேன் என்றால் லயின் கிணற்றடியில், தண்ணீர் இறைக்கிற பெண்டுகளும் கேட்க வாசிப்பேன். துக்கம் கேட்க வந்தவளும் அங்கேதானே தண்ணீர் எடுக்க வருவாள். கைப்பட்டையைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். பாக்கியம் சரி என்று சொல்லிவிட்டாள்.

வாசித்துவிட்டு அன்றைக்குச் சுட என்னால் முடியுமோ முடியாதோ தெரியாது. கை எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியவில்லை. சங்கரபாண்டி ஜெயித்தால் நான்தான் முதலில் போய்க் கை கொடுப்பேன்.

வெயில் தாழ்ந்துவிட்டது. பாக்கியம் உன் மகளுக்கு முந்திரிக்கொத்துப் பொட்டணம் கட்டி, எங்கள் பிள்ளையையும் கையில் பிடித்து, முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அவளும் என்னோடு வருகிறாளாம். நான் கிளம்புகிறேன். மீரான் காட்டிய கொடி மெய்க்கொடி என்று என் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் இந்த வீட்டுக்குத் திரும்புவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் மச்சான்,
உன் மகளுக்கு இனி மாமன்,
வேதமுத்து